சாயத் தண்ணீரின் உப்புக் கணக்கு

தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியத் தலைவர் அவர்களுக்கு, திருப்பூர் வீரபாண்டி வட்டாரம் குறித்த திறந்த மடல்

ஒரு கிலோ பனியன் துணிக்குக் கறுப்புச் சாயம் ஏற்ற அரைக் கிலோ அளவுக்கு உப்பு செலவாகிறது. தண்ணீரில் நனைந்த பருத்தி இழையின் மேல் எதிர்மின்னேற்றம் நிற்கும். ரியாக்டிவ் சாயத்துக்கும் அதே மின்னேற்றம்தான். ஒன்றை ஒன்று தள்ளும் இந்த இரண்டையும் சேர்த்து வைப்பது உப்பு. அதன் பிறகு சோடா சாம்பல் போட்டுக் காரம் ஏற்றினால் சாயம் இழையைப் பிடித்துக்கொள்ளும். சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர், டார்க் ஷேடு என்றால் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் உப்பு என்று வைத்தால் 360 முதல் 480 கிராம் ஆகிறது. பழைய வின்ச் தொட்டியில் 15 லிட்டர் தண்ணீர் போன காலத்தில் உப்பின் எடை துணியின் எடையையே நெருங்கியது. வேலை முடிந்ததும் இந்த உப்பு துணியில் தங்குவதில்லை. அலசல் தண்ணீரோடு, பிடிக்காமல் போன சாயத்தையும் கூட்டிக்கொண்டு, முழுவதும் வெளியே வருகிறது.

அப்படி வெளியே வந்தது பல ஆண்டுகள் ஜம்மனை, சின்னக்கரை போன்ற ஓடைகள் வழியாக நொய்யலுக்குப் போனது. சாயத்தின் நிறம் கண்ணில் படும், ஆகவே ஊர் அதைப் பேசியது. கரைந்த உப்பு கண்ணில் படாது. உயிரியல் சுத்திகரிப்பும் சுண்ணாம்பும் நிறத்தைக் குறைக்கும், உப்பைத் தொடாது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேரும் நொய்யல் மழைக்காலத்தில் மட்டுமே நீர் காணும் ஆறு; வந்த உப்பை நீர்த்துப்போகச் செய்ய அதில் ஓட்டம் இல்லை. பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவின் தேக்கமாக மாறியது. அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று ஆயக்கட்டு விவசாயிகளே சொல்ல நேர்ந்தது. பாசன அணை ஒன்றுக்கு இதைவிடப் பெரிய தோல்வி இருக்க முடியாது.

உப்பு நீர் பாய்ந்த மண்ணில் சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துவிடுகிறது. மண் இறுகி, மழை நீர் உள்ளே இறங்குவது குறைகிறது. ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடிவதில்லை. தென்னை ஓலை நுனியிலிருந்து கருகுகிறது. நொய்யல் படுகையின் 68 கிராமங்களில் 28,596 விவசாயிகளுக்கு ஏறத்தாழ 24.8 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று சூழல் இழப்பு ஆணையம் 2004 டிசம்பரில் கணக்கிட்டது. கிணற்று நீர் கெட்டதற்கு அந்தத் தொகை ஈடாகுமா என்பது வேறு கேள்வி.

வழக்கின் வரலாறு வாரியம் அறிந்ததே. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பரில் கெடு வைத்தது. உச்சநீதிமன்றம் 2009 அக்டோபரில் அதை உறுதி செய்தது. கெடு தவறியதும் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளையும் பிளீச்சிங் பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. வீரபாண்டி, ஆண்டிபாளையம், முருகம்பாளையம், அருள்புரம் என்று நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறக்க மாதக்கணக்கில் ஆனது. அதற்குள் வேலையின் ஒரு பகுதி ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கம் நகர்ந்து, காவிரிக் கரையில் அனுமதியற்ற பட்டறைகளாக முளைத்தது.

மீண்டும் திறந்த நிலையங்களில் நடப்பது நிச்சயம் சாதனைதான். உலகில் ஆயத்த ஆடை செய்யும் ஊர்கள் பல. இந்தோனேசியாவின் சித்தாரும் ஆறு துணி ஆலைகளால் எப்படி மாசடைந்தது என்பது உலகறிந்தது. ஒரு தொழில் நகரம் முழுவதும் கழிவு நீரைத் திரும்பப் பயன்படுத்துவது அரிது. வீரபாண்டி போன்ற பொது நிலையத்துக்குக் குழாயில் வரும் கழிவு நீர் முதலில் நுண்ணுயிர்த் தொட்டியில் தங்கி, பிறகு சவ்வுகள் வழியே எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) அமைப்புக்குப் போகிறது. பெரும்பகுதி நல்ல தண்ணீராகத் திரும்பி மீண்டும் சாயத் தொட்டிக்கே வருகிறது. மிஞ்சுவது அடர்ந்த உப்பு நீர். அதை ஆவியாக்கிகளில் கொதிக்க வைத்து, உப்பைப் பிரித்தெடுக்கிறார்கள். உப்பு நீரின் ஒரு பகுதியைச் சுத்தப்படுத்திச் சாயமேற்றவே திருப்பி அனுப்பும் முறை அருள்புரத்தில் முன்னோடியாக நடைமுறைக்கு வந்தது.

இங்கேதான் கணக்கு வேறு பக்கம் திரும்புகிறது. ஒரு லிட்டர் கொதிநீரை ஆவியாக்க சுமார் 540 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். அடுக்கு ஆவியாக்கி அதைச் சிக்கனப்படுத்தும், இல்லாமல் ஆக்காது. அந்த வெப்பம் விறகு பாய்லரிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ வருகிறது, ஆர்.ஓ. பம்புகளின் மின்சாரத்திலும் அனல் மின் நிலையங்களின் பங்கு பெரிது. சாய ஆலைக்குள் பார்த்தால் சாயத் தொட்டியைச் சூடாக்க நீராவி, துணியை உலர்த்தி அகலம் சரிசெய்யும் ஸ்டென்டருக்கு தெர்மோபேக் எண்ணெய்ச் சூடு என்று இன்னும் இரண்டு அடுப்புகள். எரியும் கார்பன் ஒவ்வொரு கிலோவும் 3.67 கிலோ கரியமில வாயுவாகிறது. மறு நடவு நடந்தால் விறகின் கார்பனை மரம் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பார்கள். நடவு எங்கே நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. பிரிக்கவே முடியாத கலவை உப்பும் கசடும் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆற்றுக்குப் போன மாசில் ஒரு பங்கு கொட்டகைக்கும், மற்றொரு பங்கு புகைபோக்கிக்கும் இடம் மாறியிருக்கிறது.

புகைபோக்கியின் விளைவு மெதுவாக, ஆனால் இதே ஊருக்கே திரும்புகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. 2011–2020 பத்தாண்டில் உலக வெப்பநிலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியைவிட சுமார் 1.1 டிகிரி கூடியிருந்தது. ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் மழை சில நாட்களிலேயே கொட்டித் தீர்க்கிறது, இடைவெளி நீள்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் உள்ள திருப்பூருக்கு இரண்டும் கெடுதல். வறட்சியில் நிலத்தடி நீரின் உப்பு அடர்கிறது. பெருமழை இரவில் ஓடையில் யாராவது கழிவைத் திறந்துவிட்டால் விடிந்ததும் பாலத்தடியில் நுரை மட்டும்தான் சாட்சி. தகரக் கூரையின் கீழ் பாய்லர் ஓரம் நிற்கும் ஆளுக்கு ஏப்ரல், மே மாத வெயில் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நீருக்குப் போகும் மாசையும் காற்றுக்குப் போகும் மாசையும் சட்டம் தனித்தனியே பார்க்கிறது. ஆலைக்கு 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படி ஓர் இசைவாணை, 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டப்படி மற்றொன்று. முதல் ஆணை கழிவு நீரின் அளவைக் கேட்கிறது. இரண்டாவது தூசியையும் கந்தக வாயுவையும் கேட்கிறது. கரியமில வாயுவைக் கேட்பதில்லை. உள்ளே வந்த உப்பின் எடையை இரண்டுமே கேட்பதில்லை. ஆற்றைக் காக்க எரித்த விறகு நீர்க் கணக்கோடு ஒரே ஏட்டில் ஏறாமல் போவது இதனால்தான்.

உப்பைத் தொடக்கத்திலேயே குறைத்தால் இரண்டு சுமையும் ஒன்றாக இறங்கும். கோல்டு பேட் பேட்ச் முறையில் துணியைச் சாயமும் காரமும் கலந்த கரைசலில் தோய்த்து, பிழிந்து, உருளையில் சுற்றி, பாலித்தீனால் மூடி அரை நாளுக்கு மேல் அப்படியே வைக்கிறார்கள். உப்பும் வேண்டாம், சாயமேற்றக் கொதிநீரும் வேண்டாம். குழல் வடிவில் வரும் பின்னலாடைத் துணியை வெட்டி விரித்தே ஓட்ட வேண்டும் என்பதாலும், சிறிய ஜாப் ஒர்க் ஆர்டருக்கு அது கட்டுப்படியாகாது என்பதாலும் இம்முறை எல்லா ஆலைக்கும் பொருந்தாது. தண்ணீர் விகிதம் குறைந்த மெஷின்கள், கூடுதலாகப் பிடிக்கும் சாயங்கள், ஆவியாக்கிக்கு முன்பே உப்பு நீரை மறுபடி பயன்படுத்துவது ஆகியவை எல்லோருக்கும் எட்டக்கூடியவை. திருப்பூர், உடுமலை, தாராபுரம் காற்றாலைகளின் மின்சாரம் பம்புகளை ஓட்டலாம்; நீராவிக்கு அது இன்னும் பதிலாகவில்லை.

இசைவாணையைப் புதுப்பிக்கும்போது, ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை கிராம் உப்பு, எத்தனை கிலோ விறகு என்று ஒரே படிவத்தில் வாரியம் கேட்க வேண்டும் என்பதே இம்மடலின் கோரிக்கை. வீரபாண்டி நிலையத்தில் தொடங்குவது எளிது. உறுப்பு ஆலைகளின் கழிவு நீர் ஏற்கெனவே மீட்டரில் அளக்கப்படுகிறது. உப்புக்குக் கொள்முதல் ரசீது இருக்கிறது. விறகு லாரி எடை மேடைச் சீட்டு இல்லாமல் ஆலைக்குள் நுழைவதில்லை.