நோயுற்றாரின் பங்கு

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்துள்ளது போடிநாயக்கனூர். ஏலக்காய் வாணிகத்தால் இவ்வூர் பெயர்பெற்றது. பொழுது புலருமுன்னரே இங்கும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் மகளிரும் ஆடவரும் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு ஜீப்பு வண்டிகளில் ஏறுவர். வண்டிகள் வளைந்து வளைந்து மலையேறிப் போடிமெட்டைக் கடந்து, கேரளத்து ஏலத்தோட்டங்களை அடையும். செடியின் அடியில் தரையையொட்டி விளையும் காய்களை நாள் முழுதும் குனிந்து பறித்து, மாலையில் அவர்கள் இல்லம் திரும்புவர்.

இத்தகைய உழைப்பாளி ஒருவரை நீரிழிவோ இரத்த அழுத்தமோ பற்றிவிட்டால் அவர் நிலை என்னாகும்? இவை காய்ச்சலைப் போலச் சின்னாளில் நீங்குவன அல்ல. பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் உடனிருப்பன. மருத்துவர் திங்களுக்கு ஒருமுறை பத்து நிமிடம் அவரைக் காண்பதாகக் கொள்வோம். ஓராண்டில் அது 2 மணி நேரமே ஆகும். ஓராண்டிலோ 8,760 மணி நேரம் உண்டு. எஞ்சிய 8,758 மணி நேரமும் நோயைக் கண்காணிக்க வேண்டியவர் நோயுற்றவரே அன்றோ?

இவ்வுண்மையைத் திருவள்ளுவர் அன்றே உணர்ந்திருந்தார். 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்கிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என்பனவே அந்நான்கு. நோயுற்றவரை முதலில் வைத்ததும், துணைநிற்பவரை இறுதியில் வைத்து முடித்ததும் எண்ணத்தக்கன. நாமோ இடையிலுள்ள இரண்டனையும் போற்றி, முதலையும் முடிவையும் மறந்துவிடுகிறோம்.

"எழுத்தறியாத கூலியாட்கள் நோயின் நுட்பத்தை எங்ஙனம் அறிவர்? மாத்திரையைக் கொடுத்தனுப்பினால் போதாதா?" என்று வினவுவோர் உளர். இவ்வினா பொருந்தாது. ஒரே கொத்தில் இளங்காயும் முதிர்ந்த காயும் கலந்திருக்க, கண்ட அளவிலே பக்குவம் அறிந்து பறிக்கிறாள் தோட்டத்துப் பெண். உலர்த்தும் அறையில் வெப்பம் மிகாமலும் குறையாமலும் இரவெல்லாம் காத்து, காயின் பசுமையைப் பேணுகிறான் தொழிலாளி. இத்துணை நுண்ணறிவு உடையோர்க்குத் தம் உடலின் குறிகளை அறிதல் அரிதாகுமோ? அவர்பால் இல்லாதது அறிவன்று. எடுத்துரைப்பார் இல்லாமையே குறை.

இதற்குச் சென்னையே சான்று பகரும். காசநோயாளர் நல்ல காற்றும் உணவும் ஓய்வும் உள்ள தனி மருத்துவமனையில் தங்கினாலன்றிக் குணமடையார் என்று பலர் கருதிய காலம் அது. 1956ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பெற்றது. நோயாளருள் ஒரு பகுதியினர் மருத்துவமனையில் தங்கினர். மற்றொரு பகுதியினர் தம் எளிய இல்லங்களிலேயே இருந்து மருந்துண்டனர். 1959ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. ஓராண்டு மருத்துவத்தின் பின், நெருக்கமான வீடுகளில் வாழ்ந்தவரும் மருத்துவமனையில் இருந்தவரை ஏறக்குறைய ஒத்த நலம் பெற்றிருந்தனர்! எனினும், வீட்டிலிருந்தோர் கைவிடப்பட்டிருக்கவில்லை. செவிலியர் அவர்தம் இல்லம் சென்று, மருந்து முறையாக உண்ணப்படுகின்றதா என்று பார்த்தனர், குடும்பத்தார்க்கும் எடுத்துரைத்தனர். நோயாளரின் முயற்சியும் பிறர் துணையும் இணைந்தே அவ்வெற்றியைத் தந்தன.

துணைநிற்றலாவது யாது? முதலாவது, காரணத்தை விளக்குதல். "காலைத் தினமும் பார்" என்று கட்டளையிடுவதால் பயன் சிறிதே. நீரிழிவால் கால் மரத்துப்போகும். முள் தைத்தாலும் கல் கிழித்தாலும் தெரியாது. தெரியாத புண் ஆழ்ந்து, காலையே இழக்கவும் நேரும் என்று உரைத்தால், மலைச்சரிவில் நடப்பவர் காலணியின்றிச் செல்லார். இரவில் விளக்கொளியில் பாதத்தைப் பாராமல் உறங்கார். இரண்டாவது, வாழ்க்கைக்கேற்ற வழி கூறுதல். விடியுமுன் வண்டியேறுபவர் எவ்வேளை உண்பார் என்று கேட்டறிந்த பின்னரே மாத்திரையின் வேளையைக் குறிக்க வேண்டும். நீரிழிவு மாத்திரைகளுள் சிலவற்றை உண்டபின் உணவு தாழ்க்குமாயின் வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் தோன்றும் என்பதையும், அப்பொழுது உடனே சர்க்கரை உண்ண வேண்டும் என்பதையும் சொல்லியனுப்புதல் வேண்டும். மூன்றாவது, சினவாதிருத்தல். "மருந்தை ஏன் விட்டாய்?" என்று கடிந்தால், நோயாளி அடுத்த முறை உண்மையை மறைப்பார். மறைத்த நோய்க்கு மருத்துவர் என் செய்வார்?

தம்மைப் பேணுதல் என்பது மருத்துவரை ஒதுக்குதல் அன்று. தாமாகவே மருந்தைக் கூட்டுதலும் குறைத்தலும் அன்று. அதனைக் காரணமாகக் காட்டி அரசும் தோட்ட உரிமையாளரும் தம் கடமையினின்று நழுவுதலும் ஆகாது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பயிற்சி பெற்ற மகளிர் வீடுதோறும் மருந்து கொண்டு சேர்க்கின்றனர். இது நல்ல தொடக்கம். மலைக்குச் செல்வோரை அவர் திரும்பும் வேளை அறிந்து காண்பதும், மருந்தோடு நாலு நல்ல சொற்களைக் கொடுப்பதும் அதனை நிறைவாக்கும். உண்ணவும் மருந்து கொள்ளவும் உரிய நேரம் தருதல் தோட்டத்தார் கடன்.

குடும்பத்தார்க்கும் இதில் பங்குண்டு. பள்ளியிற் பயிலும் பேரன், பாட்டியின் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லலாம். மலையிலிருந்து களைத்து வரும் தாயின் பாதத்தில் புண் உளதா என்று மகள் பார்க்கலாம். வள்ளுவர் நான்காவதாகக் கூறிய துணைவர் இத்தகைய சிறுவரே ஆதலும் கூடும். அத்துணை உளதாயின், நோயுற்றார் தம் பங்கைத் தவறாது ஆற்றுவர்.