கைக்கிளை சிறிதோ?

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பிலே தொல்காப்பிய அகத்திணையியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். கைக்கிளையாவது ஒருதலைக் காமம் என்று விளக்கிய அளவில் மாணவன் ஒருவன் எழுந்தான். “ஐயா, அக்காமம் தன் உயிர்த்தோழன்மேல் ஒருவனுக்கு உண்டானால் அதற்குத் திணை யாது?” என்றான். வகுப்புக் கொல்லெனச் சிரித்தது. யானும் ஒரு புன்முறுவலோடு அடுத்த சூத்திரத்துக்குச் சென்றுவிட்டேன். அதன்பின் அவன் என்னிடம் எதனையும் வினாவியதில்லை. அன்று சொல்லாத விடையை இன்று சொல்ல முயல்கின்றேன்.

இலக்கண நூலார் கைக்கிளையை ஆண், பெண் என்னும் எல்லைக்குள் வைத்தே உரைத்தனர். ஆண்பாற் கூற்று, பெண்பாற் கூற்று எனப் புறப்பொருள் வெண்பாமாலை வகுத்ததும் அவ்வெல்லைக்கு உட்பட்டே. ஆயின், நூலில் இல்லாத காரணத்தால் ஒன்று உலகில் இல்லாததாகிவிடுமா? வழக்கையும் செய்யுளையும் நாடியே இலக்கணம் எழுந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இதற்கு எடுத்துக்காட்டாக ஆங்கில நாட்டுப் பண்டிதர் ஒருவரின் வாழ்வைக் கூறுவேன். ஏ. ஈ. ஹௌஸ்மன் இலத்தீன் மொழியில் துறைபோகியவர், கவிஞர். ஒக்ஸ்போர்ட்டிற் படித்த காலத்தில் மோசஸ் ஜக்சன் என்னும் மாணவர் அவருக்கு உற்ற நண்பரானார். ஹௌஸ்மனின் நட்பு காதலாக முதிர்ந்தது. ஜக்சனிடத்தோ நட்பு நட்பாகவே நின்றது. 1881 இல் ஹௌஸ்மன் இறுதிப் பரீட்சையிற் தவறினார். மறு ஆண்டு, ஜக்சன் பணிபுரிந்த இலண்டன் காப்புரிமை அலுவலகத்திலேயே தாமும் எழுதுவினைஞராக அமர்ந்தார். 1885 வரை இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தனர். 1887 இன் இறுதியில் ஜக்சன் கராச்சியிலுள்ள கல்லூரிக்கு அதிபராகச் சென்றார். 1889 இல் அவர் மணஞ்செய்தபோது ஹௌஸ்மனுக்கு அழைப்பில்லை.

அவர் என் செய்தார்? தூற்றினாரல்லர், தொடர்ந்து சென்று இரந்தாருமல்லர். நண்பரின் மைந்தருள் ஒருவருக்கு ஞானத்தந்தையானார். 1903 இல் தாம் பதிப்பித்த மணிலியஸ் நூலின் முதற்பகுதியை இலத்தீன் பாவால் ஜக்சனுக்கு உரிமையாக்கினார். ஜக்சன் கனடாவில் நோயுற்றுக் கிடந்தபோது, அவர் கண்மூடுமுன் படித்தல் வேண்டுமென்று விரைந்து 1922 இல் தம் கவிதைத் தொகுதியொன்றை வெளியிட்டார். 1923 சனவரியில் ஜக்சன் மறைந்தார்.

ஆடவர் இருவரின் காம உறவை இங்கிலாந்துச் சட்டம் தண்டித்த காலம் அது. ஹௌஸ்மன் 1936 இல் இறந்தபின், அவர் தம்பி இச்செய்தியை எழுதி, இருபத்தைந்து ஆண்டு திறவாதிருக்குமாறு 1942 இல் பிரித்தானிய நூதனசாலையில் ஒப்படைத்தார். 1967 இலேயே அது அச்சேறியது. இங்கிலாந்திலே அச்சட்டம் தளர்ந்ததும் அவ்வாண்டிலேயே.

கை என்பது சிறுமை, கிளை என்பது உறவு என உரையாசிரியர் பொருள் கூறுவர். நாற்பது ஆண்டு ஓருயிரைத் தாங்கிய அன்பைச் சிறுமை என்று கூற என் நா எழவில்லை. கைக்கிளை வேறு, பெருந்திணை வேறு. வரம்பு கடந்து வலிந்து பற்றுங்கால் அது பெருந்திணையாகும். ஹௌஸ்மன் அவ்வரம்பைக் கடந்திலர். இசையாத நண்பன்மேற் குற்றமில்லை. இசைவின்மையை ஏற்றுத் தன் அன்பைக் காத்தவன்மேலும் குற்றமில்லை. ஒருவன் உள்ளத்தில் அன்பு எவர்மேற் பிறக்கும் என்பது அவன் கையிலில்லை. பிறந்த அன்பை எவ்வாறு நடத்துவது என்பதே அவன் கையிலுள்ளது. அறம் ஆராய வேண்டியதும் அதனையே.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். அத்தகைய வினாவோடு ஒரு பிள்ளை உங்கள் வகுப்பில் எழக்கூடும். அவன் வினாவுவது இலக்கணம் மாத்திரமன்று. முதலில் வகுப்பின் சிரிப்பை அடக்குங்கள். விடை தெரியாவிடினும் அடுத்த சூத்திரத்துக்குச் சென்றுவிடாதீர்கள். யான் சென்றேன், அது பிழை.