‘ஓய்வு பெறுகிறாரா?’ - ஒரு கணுக்காலுக்காகக் காத்திருந்த ரசிகர்கள்

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களின் கையில் ஒரு ரகசிய ஆயுதம் உண்டு. கேள்விக்குறி!

‘பயிற்சியில் வீரருக்குக் காயம்’ என்று தலைப்பு வைத்தால் பத்துப் பேர் படிப்பார்கள். ‘ஓய்வு பெறுகிறாரா?’ என்று வைத்தால் ஊரே படிக்கும். நாம் எதையும் அடித்துச் சொல்லவில்லை, கேட்கத்தானே செய்தோம் என்று தப்பித்துக்கொள்ளவும் வசதி. நானும் அப்படித் தலைப்புகள் வைத்திருக்கிறேன். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்தக் கேள்விக்குறியை முதன்முதலாக என்னிடம் கேள்வி கேட்டவள் என் ஹாஸ்டல் தோழி. அவள் ஜப்பான் ஃபிகர் ஸ்கேட்டிங் வீரர் யுசுரு ஹன்யூவின் தீவிர ரசிகை. அவள் பிறந்து வளர்ந்த ஊரில் பனிக்கட்டியைப் பார்க்க வேண்டும் என்றால் மீன் மார்க்கெட்டுக்குத்தான் போக வேண்டும். ஆனால், க்வாட் லட்ஸுக்கும் க்வாட் லூப்புக்கும் என்ன வித்தியாசம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

2022 ஜூலையில் ஒருநாள், ஹன்யூ பத்திரிகையாளர்களைச் சந்திக்கப் போகிறார் என்று செய்தி வந்தது. “ரிட்டயர் ஆகப் போறார்னு பயமா இருக்கா?” என்று கேட்டேன். அவள் சொன்ன பதில் இன்னும் மனதில் இருக்கிறது.

“அவர் ஆட வராம போயிடுவாரோங்கிற பயம் எனக்கு 2017லயே வந்துபோச்சு. இப்போ இருக்கிற பயம் வேற. அந்தக் கால் தாங்குமாங்கிறதுதான்!”

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று புரிய வேண்டுமானால், அந்த வலது கணுக்காலின் கதை தெரிய வேண்டும்.

ஒற்றைக் காலில் ஒட்டுமொத்த பாரம்

டி.வி-யில் பார்க்கும்போது ஃபிகர் ஸ்கேட்டிங் பூவாய் மிதப்பதுபோல் இருக்கும். உண்மையில் அது எலும்பையும் ஜவ்வையும் பதம் பார்க்கும் விளையாட்டு. ‘க்வாட்’ என்றால் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் காற்றில் நான்கு சுற்றுச் சுற்றுவது. சுற்றி முடித்ததும் இறங்குவது ஒற்றைக் காலில். அதுவும் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள பிளேடில், பின்னோக்கி வழுக்கியபடி! உடல் எடையைப்போல் பல மடங்கு பாரம் அந்த நொடியில் ஒரே கணுக்காலில் இறங்கும்.

ஹன்யூ இடப்பக்கமாகச் சுற்றுபவர். எனவே, எந்தத் தாவலாக இருந்தாலும் அவர் இறங்குவது வலது காலில். லட்ஸ் தாவலில், பனியைக் குத்தி மேலே எழும்புவதும் வலது காலின் முனையால்தான். லூப் தாவலுக்கு எழும்புவதும் அதே வலது காலில். அந்தக் கணுக்கால் பழுதானால் எதைச் செய்தாலும் வலி என்று அர்த்தம்.

ஷாங்காயில் போட்ட கட்டு

செண்டாய் நகரில் 1994-ல் பிறந்தவர் ஹன்யூ. சிறு வயதிலேயே ஆஸ்துமா. நான்கு வயதில், அக்காவைப் பார்த்துப் பனித்தளத்துக்குப் போனவர். 2011 மார்ச் 11-ல் பெரும் பூகம்பம் வந்தபோது செண்டாய் பனித்தளத்தில் பயிற்சியில் இருந்தார். காலில் ஸ்கேட்ஸோடு வெளியே ஓடினார். அதன்பின் சில நாள்கள் குடும்பத்தோடு நிவாரண முகாமில் தங்கியிருந்தார். பயிற்சித்தளம் மூடிக்கிடந்ததால், ஊர் ஊராக நடந்த பனி நடன நிகழ்ச்சிகளையே பயிற்சியாக்கிக்கொண்டார். மூன்றே ஆண்டுகளில், 2014 சோச்சி ஒலிம்பிக்கில் தங்கம். அப்போது வயது 19. ஆண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஆசியர் அவர்தான்.

ரசிகர்களுக்கு முதல் திகில் அதே ஆண்டு நவம்பரில் வந்தது. ஷாங்காயில் நடந்த போட்டியில், ஆட்டத்துக்கு முந்தைய ஆறு நிமிடப் பயிற்சியின்போது சீன வீரர் ஹான் யானும் இவரும் முழு வேகத்தில் மோதிக்கொண்டார்கள். பனியில் ரத்தம். இது ஹீரோவாக இருக்க வேண்டிய நேரம் இல்லை, உன் உடம்பைப் பார்த்துக்கொள் என்ற அர்த்தத்தில் பயிற்சியாளர் பிரையன் ஆர்சர் எச்சரித்தார். தலையிலும் தாடையிலும் கட்டுப் போட்டுக்கொண்டு ஹன்யூ ஆடவே செய்தார். ஐந்து முறை விழுந்தார், ஐந்து முறையும் எழுந்தார். வெள்ளிப் பதக்கம் கிடைத்தது.

அந்த வீடியோவைப் பார்த்துப் புல்லரித்துப் போனவர்கள் உண்டு. தலையில் அடிபட்டவரை ஆடவிட்டது சரியா என்று கோபப்பட்டவர்களும் உண்டு. அன்றைக்குப் பிரிந்த இந்த இரண்டு மனசும் அதன்பின் எல்லா ஹன்யூ ரசிகர்களுக்குள்ளும் சேர்ந்தே இருந்தன.

மௌனமான குளிர்காலம்

2017 நவம்பர் 9. ஒசாகாவில் என்.ஹெச்.கே டிராஃபி போட்டிக்கு முந்தைய நாள் பயிற்சி. ஹன்யூ க்வாட் லட்ஸ் தாவினார். இறங்கும்போது வலது கால் மடங்கிக் கீழே விழுந்தார். கணுக்கால் ஜவ்வில் காயம். பியோங்சாங் ஒலிம்பிக்குக்கு அப்போது மூன்று மாதங்கள்தான் இருந்தன.

அந்தப் போட்டியிலிருந்து விலகினார். கிராண்ட் ப்ரீ ஃபைனலில் அவர் இல்லை. டிசம்பரில் தேசிய சாம்பியன்ஷிப்பும் போயிற்று. முந்தைய சாதனைகளை வைத்து ஒலிம்பிக் அணியில் இடம் கொடுத்தார்கள். ஆனால், அந்த இடத்தில் வந்து நிற்க அவரால் முடியுமா?

இந்தக் காலத்து நட்சத்திரம் என்றால், மருத்துவமனைக் கட்டிலில் இருந்தே செல்ஃபி போட்டு ‘ஐ வில் பி பேக்’ என்று எழுதியிருப்பார். ஹன்யூவுக்கு அப்போது சமூக ஊடகக் கணக்கே கிடையாது. கனடாவின் டொரன்டோவில் எங்கோ சிகிச்சையும் பயிற்சியும் நடக்கிறது என்பதைத் தாண்டி ரசிகர்களுக்கு ஒன்றும் தெரியாது. செய்தி இல்லாத இடத்தில் வதந்திதானே குடியேறும்? ‘அவ்வளவுதான்’, ‘இனி வர மாட்டார்’ என்று ஆளாளுக்கு ஆரூடம் சொன்னார்கள்.

ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கோயிலுக்குப் போனார்கள்! அவரது நீண்ட ஆட்டத்துக்குப் பெயர் ‘செய்மெய்’. பழங்கால ஜப்பானின் ஜோதிட மேதை அபே நோ செய்மெய்யின் பெயர் அது. அவருக்கு கியோட்டோவில் ஒரு கோயில் இருக்கிறது. ஹன்யூவின் பெயரை ஒத்த பெயருள்ள யுசுருஹா கோயில் கோபே நகரில் இருக்கிறது. வேண்டுதலைச் சிறு மரப்பலகையில் எழுதிக் கோயிலில் கட்டிவிட்டு வருவது ஜப்பானியர் வழக்கம். இந்த இரண்டு கோயில்களிலும் ஹன்யூவுக்கான பலகைகள் கொத்துக்கொத்தாகத் தொங்கின.

என் தோழி அந்தப் பலகைகளின் படங்களைத் தேடித்தேடிச் சேர்த்து, மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு வாசித்தவள். “தங்கம் வேணும்னு எழுதினவங்களும் இருந்தாங்க. ஆனா, ‘காயம் ஆறட்டும்’னு மட்டும் எழுதிட்டுப் போனவங்களைத்தான் என்னால மறக்க முடியலை” என்றாள்.

வலது காலுக்கு நன்றி

2018 பிப்ரவரி 11-ல் தென்கொரியாவின் இஞ்சான் விமான நிலையத்தில் ஹன்யூ வந்து இறங்கினார். காயத்துக்குப் பிறகு ஒரு போட்டியில்கூட ஆடவில்லை. நேராக ஒலிம்பிக்! குழுப் போட்டியையும் தவிர்த்துவிட்டார்.

பிப்ரவரி 16 அன்று குறு ஆட்டம். 111.68 புள்ளிகள், முதலிடம். மறுநாள் ‘செய்மெய்’. விழக் காரணமான க்வாட் லட்ஸையும், வலது காலிலேயே எழும்ப வேண்டிய க்வாட் லூப்பையும் ஒதுக்கிவைத்தார். க்வாட் சால்கோவையும் க்வாட் டோ லூப்பையும் மட்டும் நம்பி இறங்கினார். கடைசித் தாவலில் தடுமாறி, விழாமல் தாக்குப்பிடித்தார். ஆட்டம் முடிந்ததும் குனிந்து, இரண்டு கைகளாலும் வலது கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்.

மொத்தம் 317.85 புள்ளிகள். தங்கம்! ஆண்கள் பிரிவில் அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர், 1948, 1952-ல் வென்ற அமெரிக்காவின் டிக் பட்டனுக்குப் பிறகு இவர்தான். ரசிகர்கள் வீசிய ‘வின்னி த பூ’ கரடிப் பொம்மைகளால் பனித்தளமே மஞ்சளாகிப் போனது.

ஆட்டத்துக்குப் பிறகு, தன் வலது கால் தாக்குப்பிடித்ததற்கு அதற்கே நன்றி சொன்னார். வலி மாத்திரை இல்லாமல் தாவியிருக்கவே முடியாது என்பதையும் மறைக்கவில்லை. அரங்கில் ஆனந்தக் கண்ணீர் விட்டவர்களுக்கு, அதற்குக் கொடுக்கப்பட்ட விலை அப்போதுதான் தெரிந்தது.

அந்த விலை அத்தோடு முடியவில்லை. அதே ஆண்டு நவம்பரில் மாஸ்கோ போட்டி. காலைப் பயிற்சியில் மீண்டும் அதே வலது கணுக்கால். சிறு வயதில் இருந்து தான் நேசித்த ரஷ்ய வீரர் பிளஷென்கோவுக்குச் செலுத்தும் மரியாதையாக அவர் உருவாக்கிய ஆட்டம் அது. ரஷ்ய மண்ணில் அதை ஆடாமல் போக மனமில்லை. ஆடினார், ஜெயித்தார். பதக்கம் வாங்க வரும்போது கைகளில் ஊன்றுகோல்!

பீஜிங்கில் நடந்தது

ஒரு கனவு மட்டும் பாக்கி இருந்தது. க்வாட் ஆக்ஸெல். முன்னோக்கி எழும்பிப் பின்னோக்கி இறங்குவதால் நான்கு சுற்று போதாது, நான்கரைச் சுற்று வேண்டும். அதுவரை எந்தப் போட்டியிலும் யாரும் செய்து முடிக்காத தாவல். 2021 இலையுதிர் காலத்தில், மறுபடி வலது கணுக்காலில் அடி. இரண்டு போட்டிகளிலிருந்து விலகல். மறுபடியும் அதே கவலை, அதே கேள்விக்குறி.

2022 பீஜிங் ஒலிம்பிக். குறு ஆட்டத்தில், பனியில் இருந்த ஒரு குழியில் பிளேடு சிக்கி முதல் தாவலே பாழானது. எட்டாவது இடம். நீண்ட ஆட்டத்துக்கு முந்தைய நாள் பயிற்சியில் கணுக்கால் பிசகியது. சாதாரணப் போட்டியாக இருந்தால் விலகியிருக்க வேண்டிய அளவுக்குக் காயம். வலி ஊசி போட்டுக்கொண்டு இறங்கினார். க்வாட் ஆக்ஸெல் முயன்றார், விழுந்தார். சுற்று முழுமையடையவில்லை. ஆனாலும், போட்டி ஒன்றில் க்வாட் ஆக்ஸெல் முயற்சி என்று அதிகாரபூர்வமாகப் பதிவான முதல் தாவல் அதுதான். நான்காவது இடம்.

காயம், ஊசி எல்லாம் சில நாள்கள் கழித்து அவரே சொன்ன பிறகுதான் வெளியில் தெரிந்தது. என் தோழி அந்த ஆட்டத்தை அதன்பின் முழுசாகப் பார்த்ததே இல்லை. “தெரியாம பார்த்தப்போ கை தட்டினேன். தெரிஞ்ச பிறகு எப்படித் தட்டுறது?”

அது முடிவுதானா?

2022 ஜூலை 19. டோக்கியோவில் பத்திரிகையாளர்கள் முன் வந்து நின்றார் ஹன்யூ. இனிப் போட்டிகளில் கலந்துகொள்வதில்லை, தொழில்முறைக் கலைஞராகப் பனியில் தொடர்வேன் என்றார். முகத்தில் சோகம் இல்லை.

ரசிகர்கள் அழுதார்கள். என் தோழியும்தான். ஆனால், அழுது முடித்துவிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை, “அப்பாடா!”

அடுத்து நடந்ததைப் பாருங்கள். நவம்பரிலேயே யோகோஹாமாவில் தனி ஆளாக ஒரு நிகழ்ச்சி. 2023 பிப்ரவரியில், பேஸ்பால் ஆடும் டோக்கியோ டோம் அரங்கத்தைப் பனித்தளமாக்கி, சுமார் 35,000 பேர் முன்னால் தனியாக ஆடினார். அடுத்த மாதமே, பூகம்பத்தின் நினைவாகத் தன் சொந்த மாநிலமான மியாகியில் ‘நோட்டே ஸ்டெல்லாட்டா’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார். க்வாட் ஆக்ஸெல்? அவர் விலகிய இரண்டே மாதங்களில் 17 வயது அமெரிக்கப் பையன் இலியா மலினின் அதைச் சுத்தமாகச் செய்து முடித்தான். ஒருவர் திறக்க முயன்ற கதவை அடுத்தவர் திறப்பதுதானே விளையாட்டு!

‘அவர் இல்லாமல் என்ன செய்வோம்’ என்று ஐந்து ஆண்டுகள் பயந்தவர்கள், பயந்த நாள் வந்தபோது அவரை இழக்கவில்லை. இழந்தது மதிப்பெண் பலகையை மட்டும்தான்.

ரசிகரின் கவலையைத் தப்பு சொல்ல முடியாது. முன்பின் பார்த்திராத ஒருவருக்காகத் தூக்கம் கெடுவது அன்பில்லாமல் வேறென்ன? ஆனால், ‘திரும்ப வந்துடு’ என்று நாம் கெஞ்சும்போது, அது அவருக்காகவா, நமக்காகவா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். ஆறாத காலோடு ஆடுபவரின் காதில் நம் ஆரவாரம் எப்படி விழும் என்று யோசிக்கலாம். எப்போது ஆடுவது, எப்போது நிறுத்துவது என்பதைச் சொல்லும் உரிமை அந்த வலியைச் சுமப்பவருக்கு மட்டும்தான்.

இப்போதும் என் மேஜைக்குக் காயச் செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ‘ஓய்வு பெறுகிறாரா?’ என்று டைப் செய்ய விரல் போகும். அந்த மரப்பலகைகள் ஞாபகத்துக்கு வரும். அழித்துவிட்டு, என்ன காயம், எந்தக் கால், மருத்துவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று மட்டும் எழுதுகிறேன். படிப்பவர்கள் கொஞ்சம் குறைவுதான். பரவாயில்லை.

சரி, நீங்கள் சொல்லுங்கள். காயத்தோடு ஆடிய உங்கள் அபிமான வீரரைப் பார்த்து, ‘போதும்ப்பா, உடம்பைப் பார்த்துக்கோ’ என்று நீங்கள் எப்போதாவது நினைத்ததுண்டா? அது யார்?

அடுத்த வாரம் பார்ப்போம்!