பேட்டரி கிரிப்பை கழட்டாதீங்க

பாகாயத்துல இருந்து ஒரு நீளமான த்ரெட். கல்யாண போட்டோகிராபர்களுக்கும், அவங்களுக்கு கேமரா கொடுத்து அனுப்புற ஸ்டுடியோ ஓனர்களுக்கும். டீ குடிச்சிக்கிட்டே படிங்க.

முகூர்த்த சீசன் முடிந்த கையோடு ஒரு தம்பி வந்தார். ஆம்பூர் பக்கம், கல்யாண போட்டோகிராபர். வலது கட்டைவிரல் அடியில் வலி. தண்ணி பாட்டில் மூடி திறக்க முடியல, சட்டை பட்டன் போட முடியலன்னார். கட்டைவிரலை உள்ளே மடக்கி, முஷ்டி பிடிக்கச் சொல்லி, மணிக்கட்டை மெதுவாக சுண்டுவிரல் பக்கம் சாய்த்தேன். "ஐயோ சார்!"

டி குவெர்வைன். 1895-ல் இதை விவரித்த சுவிஸ் அறுவை மருத்துவரின் பெயர். கட்டைவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்து இறுகிவிட்டால் ஒவ்வொரு அசைவும் உரசல்தான். கைக்குழந்தையை தூக்கித் தூக்கி இறக்கும் அம்மாக்களிடம் பார்ப்பேன். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பெண்களிடமும் பார்த்திருக்கிறேன். போட்டோகிராபருக்கு ஏன்?

"பையில கேமரா இருக்கா? எப்படி பிடிக்கிறீங்கன்னு காட்டுங்க"ன்னேன்.

குறுக்குவாட்டில் பிடித்தபோது குறை சொல்ல ஒன்றும் இல்லை. "மணப்பொண்ணை முழு உருவமா எடுங்க" என்றதும் கேமராவை நெட்டுக்குத்தாக திருப்பினார். ஷட்டர் பட்டன் மேலே போச்சு. வலது முழங்கை தோள் உயரத்துக்கு ஏறிச்சு. மணிக்கட்டு மடங்கி, மொத்த பாரமும் கட்டைவிரலில். ஒரு வரவேற்புல இப்படி எத்தனை தடவைன்னு கேட்டேன். சிரிச்சார்.

"கிரிப் இல்லையா?"

"இருந்துச்சு சார். ஓனர் கழட்டிட்டார். வெயிட்டாம். பேட்டரி ரெண்டு பாக்கெட்ல இருந்தா போதும்னுட்டார்."

ஓனர் கணக்கும் முழுக்க தப்பில்லை. கேனான் 5டி மார்க் 4 பேட்டரியோடு 890 கிராம். 24-70 எஃப்2.8 இரண்டாம் தலைமுறை லென்ஸ் 805 கிராம். மேலே ஃபிளாஷ் வைத்தால் இரண்டு கிலோவைத் தாண்டும். இதில் கிரிப்பும் இன்னொரு பேட்டரியும் சேர்ந்தால் மேலும் முந்நூறு, நானூறு கிராம். பேட்டரிக்காக மட்டும்னா தேவையே இல்லை. நிக்கான் டி850-க்கு கம்பெனி கொடுக்கும் கணக்கே ஒரு சார்ஜுக்கு 1840 படம். சாப்பாட்டுப் பந்தியில் பேட்டரி மாற்ற முப்பது செகண்ட் கிடைக்காதா?

ஆனா கிரிப்பின் வேலை பேட்டரி மட்டும் இல்லீங்க. பேரு வெச்சவங்க தப்பா வெச்சிட்டாங்க. அதுல இன்னொரு ஷட்டர் பட்டன் இருக்கு, விரலால் உருட்டுற இன்னொரு சக்கரம் இருக்கு. நெட்டுக்குத்தாக திருப்பினாலும் முழங்கை விலா எலும்போட ஒட்டியே நிற்கும், மணிக்கட்டு நேரா இருக்கும். நேரான மணிக்கட்டில் நானூறு கிராம் கூடுதலா தாங்குவது, மடங்கின மணிக்கட்டில் குறைவா தாங்குவதை விட மேல். இது என் கருத்து. பாரத்தைக் குறைத்தால் போதும் என்று சொல்லும் டாக்டர்கள் ஒரு ராத்திரி ரிசப்ஷன் மேடைக்கு முன்னாடி நின்னு பார்க்கணும்.

எல்லாருக்கும் இல்லை. வீடியோ, நிலக்காட்சி, குறுக்குவாட்டிலேயே எடுப்பவர்: கழட்டி வையுங்க, அது வீண் பாரம். பந்தாவுக்கு மாட்டுற காலேஜ் பசங்களுக்கும் அதே. இடது கைக்கும் இது உதவாது. லென்ஸ் பாரம் அந்தக் கையில்தான், அதுக்கு மோனோபாட் இருக்கு.

வாங்கும்போது ஒண்ணு. மலிவு கிரிப் வாங்கினா அந்தப் பட்டனை அழுத்திப் பாருங்க. சில கிரிப்களில் மேல் பட்டனை விட ரொம்ப அழுத்தணும். அப்படி இருந்தா வேண்டாம், விரலுக்கு வேற வியாதி வரும். உப்பின பேட்டரியை உள்ளே திணிக்காதீங்க. நம்ம வேலூர் வெயில்ல கார் டேஷ்போர்டுல பேட்டரியை விடவே விடாதீங்க.

தம்பிக்கு கட்டைவிரலோடு சேர்த்து மணிக்கட்டு பட்டி, மூணு வாரம் நெட்டுவாட்டுப் படமே கூடாதுன்னு கண்டிப்பு. சரியாகலைன்னா உறைக்குள் ஊசி. அதுக்கும் கேட்காவிட்டால்தான் ஆபரேஷன். ஓனருக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தேன். மருந்துச் சீட்டுலயே, "பேட்டரி கிரிப், தினமும்"னு.

ஊசி தேவைப்படலை. அடுத்த தடவை வந்தப்போ கேமராவுல கிரிப் இருந்துச்சு. அதோட கீழ் வளையத்துல இருந்து மேல் வளையத்துக்கு ஒரு தோல் பட்டை, புறங்கையை அணைச்சுப் பிடிக்கிற மாதிரி. கடையில வாங்கலையாம். தோல் ஷாப்புல வேலை பார்க்கிற மாமா கழிவுத் துண்டுல தைச்சுக் கொடுத்தாராம். விரலை இறுக்காமலே கேமரா கையில நிற்குது. எனக்கும் ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன்.