முதல் சந்தேகம் அவன் மேல்தான்

துப்பறியும் கதைகளில் வழக்கு வந்து சேரும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். ஹோம்ஸ் பேக்கர் தெரு வீட்டில் உட்கார்ந்திருப்பார், கவலை தோய்ந்த முகத்தோடு யாராவது படியேறி வருவார்கள். ஜான் ராபியின் வீட்டுக்கு அப்படி யாரும் வரவில்லை. வந்தது போலீஸ், அதுவும் அவனைப் பிடித்துக்கொண்டு போக.

டேவிட் டாட்ஜ் எழுதி 1952இல் வெளியான ‘டு கேட்ச் எ தீஃப்’ நாவலின் நாயகன் இந்த ராபி. பிரான்சின் தென்கடற்கரையான ரிவியராவில், சீமாட்டிகள் தூங்கும் மாளிகைகளின் கூரை வழியே இறங்கி நகைகளை அள்ளியவன். பத்திரிகைகள் அவனுக்கு வைத்த பெயர் ‘பூனை’. பிடிபட்டுச் சிறைக்குப் போனான். போர்க்காலத்தில் வெளியே வந்து, ஜெர்மானியரை எதிர்த்த ரகசியப் படையில் சேர்ந்தான். போர் முடிந்தபின் மலைப்பக்கம் ஒரு வீடு, தோட்டம் என்று ஒதுங்கி வாழ்கிறான். அப்போது அதே கடற்கரையில், அதே பாணியில், மறுபடியும் நகைகள் காணாமல்போகின்றன. போலீஸ் வேறு யார் வீட்டுக் கதவைத் தட்டும்?

பாம்பின் கால் பாம்பறியும் என்பதால்தான் திருடன் நல்ல துப்பறிவாளன் ஆகிறான் என்று சொல்வதுண்டு. அது பாதிக் காரணம்தான். எந்த ஜன்னல் சத்தமில்லாமல் திறக்கும், எந்தக் குழாய் ஆள் பாரத்தைத் தாங்கும் என்பதெல்லாம் ராபிக்குத் தெரியும். ஆனால் தெரிந்தது மட்டும் அவனை வீட்டைவிட்டு வெளியே இழுத்திருக்காது. உண்மையான திருடனைப் பிடித்துக் கொடுக்காவிட்டால் அவனுக்குச் சிறைதான். மற்ற துப்பறிவாளர்கள் தோற்றால் கெடுவது பெயர், இவன் தோற்றால் போவது வாழ்க்கை. இந்த ரகக் கதைகளை ஓட்டும் எஞ்சின், அறிவைவிடச் சந்தேகம்தான்.

டாட்ஜுக்கு இது வெறும் கற்பனையும் அல்ல. சான் பிரான்சிஸ்கோவில் கணக்காளராக இருந்து எழுத்துக்கு வந்தவர் அவர். குடும்பத்தோடு ரிவியராவில் வாடகை வீட்டில் இருந்தபோது பக்கத்து மாளிகையில் பெரிய நகைத் திருட்டு நடந்தது. போலீசின் சந்தேகம் கொஞ்ச காலம் டாட்ஜ் மேலேயே விழுந்தது. பின்னால் அந்த நாவலை ஹிட்ச்காக் 1955இல் படமாக்கினார். கேரி கிராண்டும் கிரேஸ் கெல்லியும் நடித்த அந்தப் படத்தில், அடுத்து யார் வீட்டு நகை போகக்கூடும் என்ற பட்டியலை ராபியிடம் நம்பிக் கொடுப்பவர் காப்பீட்டு நிறுவனத்து ஆள். பூனையிடமே பால் கணக்கை ஒப்படைத்த கதை!

அமெரிக்காவில் இந்தச் சூத்திரத்தை இன்னும் விடாமல் பயன்படுத்தியவன் பாஸ்டன் பிளாக்கி என்ற திருடன். அவனைப் படைத்த ஜாக் பாயில் சிறைவாசம் கண்டவர். 1914இல் முதல் கதைகள் வெளிவந்தபோது ஆசிரியர் பெயருக்குப் பதில் 6606 என்ற எண்ணையே போட்டார்கள். 1941 முதல் 1949 வரை கொலம்பியா நிறுவனம் பிளாக்கியை வைத்து 14 படங்கள் எடுத்தது. நாயகன் செஸ்டர் மோரிஸ். திருட்டோ கொலையோ, எது நடந்தாலும் இன்ஸ்பெக்டர் ஃபாரடே முதலில் தேடுவது திருந்திவிட்ட பிளாக்கியைத்தான். முந்தைய படத்தில் அவன் நிரபராதி என்று நிரூபித்ததெல்லாம் அடுத்த படத்தில் மறந்துபோகும். ஃபாரடேக்கு ஞாபகசக்தி இருந்திருந்தால் இரண்டாவது படமே இருந்திருக்காது.

திருடனைத் திருத்தியே ஆகவேண்டிய கட்டாயம் எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு குடும்பச் சண்டையைப் பார்க்கவேண்டும். கனவான் திருடன் ராஃபிள்ஸை எழுதிய இ. டபிள்யூ. ஹார்னங், ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலின் தங்கை கணவர். 1899இல் வந்த முதல் ராஃபிள்ஸ் தொகுப்பை மைத்துனருக்கே காணிக்கையாக்கினார். மைத்துனருக்கோ அதில் முழுச் சம்மதமில்லை. குற்றவாளியைக் கதாநாயகனாக்கக் கூடாது என்று ஹார்னங்கிடம் சொன்னதாக டாயில் 1924இல் தன் நினைவுக்குறிப்பில் எழுதினார். ராஃபிள்ஸைக் கடைசியில் போயர் போர்க்களத்தில் சாகவைத்தார் ஹார்னங். அப்படிக் கொல்லாமலும் பாவத்தைக் கழுவ ஒரு வழி உண்டு. திருடனைத் துப்பறியவிட்டால், வாசகருக்குக் கூரையேறும் கிளுகிளுப்பும் கிடைக்கும், மனசாட்சியும் உறுத்தாது.

மோரிஸ் லெப்லாங் இந்தச் சமரசத்தைக் கேலி செய்தார். 1928இல் வந்த கதைகளில் அவருடைய திருடன் ஆர்சேன் லூப்பன், பார்னெட் என்ற பெயரில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறான். கட்டணம் கிடையாது, எல்லாம் இலவசம். வழக்கு முடியும்போது யாருடைய சொத்திலோ ஒரு பகுதி அவன் பைக்குள் போயிருக்கும்.

ஜி. கே. செஸ்டர்டன் மட்டும் திருந்துதலை நிஜமாகவே நம்பினார். அவருடைய துப்பறியும் பாதிரியார் பிரௌன் மரத்தடியில் நின்று பேசப் பேச, கிளையில் ஒளிந்திருக்கும் திருடன் ஃபிளாம்போ திருடிய வைரங்களைக் கீழே போட்டுவிடுவான். பிறகு அவனும் தனியார் துப்பறிவாளன் ஆகிறான். விளைவு, சுவாரஸ்யம் குறைந்துபோகிறது. யாரும் அவனைச் சந்தேகிப்பதில்லை, அதனால் அவன் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. பாதிரியார் கண்டுபிடிக்கும்போது கூட நிற்கும் ஆளாகிவிடுகிறான். 1927இல் வந்த தொகுப்பில் ஸ்பெயினில் ஒரு கோட்டை வீட்டில், மனைவி மக்களோடு, வேறு பெயரில் அவனைக் காண்கிறோம். விருந்தாளியாக வந்த அமெரிக்கர் குற்றவாளிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, தான்தான் அந்த ஃபிளாம்போ என்று அவனே போட்டு உடைக்கிறான். பல கதைகளாக வெறுமனே உடன் நடந்தவன், அந்தப் பக்கத்தில்தான் மறுபடி உயிரோடு பேசுகிறான்.