பறவை வரும் வாசலில் இனியும் காற்றாலை வேண்டாம்

தள்ளாடியில் இருந்து மன்னார் பாலத்தில் ஏறினால் இரு பக்கமும் உவர்ச்சேறு. மாரி காலத்தில் அங்கே பூநாரைகள் மேய்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். மத்திய ஆசிய வலசைப் பாதையில் வரும் பறவைகள் இலங்கைக்குள் நுழையும் வாசல் எங்கள் மன்னார்த் தீவு. 4,839 ஹெக்டேயர் கொண்ட வங்காலைச் சரணாலயம் 2010இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமானது.

2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளோடு தம்பபவனி காற்று மின் நிலையம் திறக்கப்பட்டது. கரைவலைக்காரர் மீன் விலகிப்போகிறது என்கிறார்கள். தாழ்ந்த நிலத்தில் வீதியும் அத்திவாரமும் போட்டபின் வெள்ளம் வடிய வழியில்லை என்கிறது சனம். இதைக் காது கொடுத்துக் கேட்டவர் யார்?

இங்கே மேலும் காற்றாலைகள் நட இருந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. அரசு மின்விலையைக் குறைக்கக் கேட்டதால், பறவைகளுக்காக அல்ல. எங்கள் குறைகள் அப்படியே இருந்தன. அதனால்தான் அதே ஆண்டு ஓகஸ்டில் அடுத்த காற்றாலைத் திட்டத்துக்குப் பாகங்கள் வந்தபோது சனம் வீதிக்கு இறங்கியது. எங்களைக் காற்று மின்சாரத்தின் எதிரிகள் என்பது அநியாயம். நிலக்கரியைவிடக் காற்று நல்லது, சந்தேகமே இல்லை. பெருநிலத்தில், பறவை கூடாத இடத்தில் நடுங்கள். அதற்குமுன், ஓடுகிற 30 காற்றாலைகளில் அடிபட்ட பறவைகளின் கணக்கைத் தமிழில் எழுதி எங்கள் முன் வையுங்கள்.