ஜீப்பைத் தூக்கியாச்சு, ஸ்டீயரிங்கை என்ன செய்ய?

போன மாசம் மாமா கூப்பிட்டு மூணு துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்தார். "டேய், நீதான் பி.காம் படிக்கிறியே, இதுல எது லாபம்னு சொல்லு." மூணுமே பவர் ஸ்டீயரிங் போடுவதற்கான கொட்டேஷன். எனக்கு டெபிட், கிரெடிட்டைத் தாண்டி எதுவும் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. ஒரு மாசம் வண்டிக்கு அடியில் படுத்தும், ரெண்டு மெக்கானிக் அண்ணன்களின் உயிரை வாங்கியும் தெரிந்துகொண்டதை வைத்து இதை எழுதுகிறேன்.

முன்கதை கொஞ்சம். மாமா வீடு முடிச்சூரில். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் ஏரியாகி, தெருவுக்குள் படகு வந்தது நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மாமா, அத்தை, பாட்டி மூணு பேரும் மொட்டை மாடியில்தான். அப்போதே மாமா முடிவு செய்துவிட்டார், அடுத்த முறை படகுக்காகக் காத்திருப்பதில்லை என்று. பழைய மஹிந்திரா எம்எம் 540 ஒன்றைத் தேடிப் பிடித்தார். ஷேக்கிளை நீளமாக்கி, கமான் பட்டையை மாற்றி நாலு அங்குலம் தூக்கினார். டயரையும் பெரிசு பண்ணியாச்சு. "இதுல ஏறுறதுக்கே ஒரு ஏணி வேணும்" என்று அத்தை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்.

தூக்கிய பிறகு வந்தது வினை. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்ப இரண்டு ஆள் பலம் வேண்டும். வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் அறுபதைத் தொட்டால் வண்டி இடமும் வலமுமாக அலைகிறது. ஒரு பள்ளத்தில் இறங்கினால் நாம் திருப்பாமலே ஒரு பக்கம் இழுக்கிறது. மாமாவின் தீர்ப்பு: பவர் ஸ்டீயரிங் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

இங்கேதான் நான் மாறுபடுகிறேன். "கனமாக இருக்கிறது" என்பது ஒரு நோய், "அலைகிறது" என்பது வேறு நோய். பவர் ஸ்டீயரிங் முதலாவதுக்கு மருந்து. இரண்டாவதை அது தொடவே தொடாது.

அலைவதற்குக் காரணம் இது. ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸிஸில் இருக்கிறது, சக்கரம் ஆக்ஸிலில் இருக்கிறது. நடுவில் டிராக் லிங்க் என்று ஒரு கம்பி. கம்பெனியிலிருந்து வரும்போது அது ஓரளவு படுத்த மாதிரி இருக்கும். சேஸிஸை நாலு அங்குலம் தூக்கினால் பாக்ஸும் கூடவே மேலே போய்விடுகிறது, கம்பி செங்குத்தாகச் சாய்கிறது. இப்போது சக்கரம் ஒரு குழியில் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தச் சாய்ந்த கம்பி சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். நம் கை சும்மா இருந்தாலும் வண்டி திரும்பும். போதாக்குறைக்கு, ஷேக்கிளை நீட்டியதில் ஆக்ஸிலே கொஞ்சம் சுழன்று கேஸ்டர் கோணம் மாறிவிடுகிறது. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதால்தானே கையை விட்டும் நேராக ஓட்ட முடிகிறது? அந்தச் சாய்மானம்தான் கேஸ்டர். அது குறைந்தால் வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது, வண்டியும் நேர்கோட்டில் நிற்காது.

இந்த நிலையில் பவர் ஸ்டீயரிங் போட்டால் நடப்பது எங்க காமர்ஸ்காரர்களுக்குப் பழக்கமான விஷயம். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லையா, வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்டில் போட்டு டேலி ஆக்கிவிடலாம். பார்க்க அழகாக இருக்கும். தப்பு உள்ளேயே உட்கார்ந்திருக்கும். முன்பாவது கனத்தினால் மாமா மெதுவாக ஓட்டினார். கை லேசாகிவிட்டால் எண்பதில் போவார். பாட்டியும் உட்கார்ந்திருப்பார்.

சரி, சீட்டுகளுக்கு வருவோம்.

முதல் சீட்டு, புதுப்பேட்டையில் எடுத்த பழைய ஹைட்ராலிக் பாக்ஸ், பம்ப், பெல்ட். ஒழுங்காகப் பொருத்தினால் மூன்றில் இதுதான் உருப்படி. ஆனால் அந்த பாக்ஸ் தள்ளும் வேகத்தைப் பழைய சேஸிஸ் தாங்க வேண்டும். பாக்ஸ் உட்காரும் இடத்தில் தகடு வைத்து பலப்படுத்தாமல் போல்ட் மட்டும் போட்டால் நாளடைவில் அங்கே விரிசல் விடும். கொட்டேஷனில் அந்தத் தகடு இல்லை. கேட்டதற்கு "அதெல்லாம் தேவைப்படாது தம்பி" என்று பதில். இன்னொன்று, பம்ப் ஓடுவது இன்ஜின் பெல்ட்டில். வெள்ளத்தில் பெல்ட் நனைந்து வழுக்கினாலோ இன்ஜின் நின்றாலோ உதவி போச்சு. இந்த பாக்ஸ்கள் பொதுவாகக் குறைந்த சுற்றில் திரும்புகிற மாதிரி செய்தவை, அதனால் உதவி இல்லாதபோது சாதா பாக்ஸை விடக் கனக்கும். வண்டி வாங்கியதே வெள்ளத்துக்காக என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனாலும் கம்பித் தொடர்பு இருப்பதால் தம் பிடித்துத் திருப்பலாம்.

இரண்டாவது, சின்ன காரிலிருந்து கழற்றிய எலெக்ட்ரிக் காலம். மலிவு, பெல்ட் வேண்டாம், குழாய் வேண்டாம். ஆனால் மோட்டார் உதவுவது மேலே, அந்த பலம் முழுக்க இறங்குவது கீழே இருக்கும் கிழட்டு பாக்ஸின் தலையில். மனிதக் கைக்காகச் செய்த பாக்ஸ் அது. கூடவே, மூல காரிலிருந்து வரவேண்டிய வேக சிக்னல் கிடைக்காவிட்டால் சில யூனிட்கள் ஒரே அளவு உதவியிலேயே நின்றுவிடும். பார்க்கிங்கிலும் அதே லேசு, வெளிவட்டச் சாலையிலும் அதே லேசு. அலைகிற வண்டிக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

மூன்றாவது முழு ஹைட்ராலிக். வீலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கம்பியே கிடையாது, வெறும் எண்ணெய்க் குழாய்தான். மாமா இதை எங்கே பார்த்தார் என்றால், ராத்திரி முழுக்க பாறை ஏறும் போட்டி வீடியோக்களில். போட்டி வண்டிக்குச் சரி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறுக்கே ஓடும் முடிச்சூர் ரோட்டில் ஒரு குழாய் வெடித்தால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அந்தச் சீட்டை நானே கிழித்துவிட்டேன். (மாமாவிடம் தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.)

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும், கசந்தாலும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி தயாரிப்பாளர் சொன்ன அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாமாவின் ஜீப்பை வைத்துப் பெருக்கிப் பார்த்தேன், கால்குலேட்டரை மூடி வைத்துவிட்டேன். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர்களிடம் நடக்கப்போகும் சண்டை தனி.

என் ஓட்டு எதற்கு என்றால், நாலாவதாக ஒரு சீட்டுக்கு. இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கைச் சின்னதாக இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும், இன்னொருவர் அடியில் படுத்து ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் பார்க்க வேண்டும். எது முதலில் ஆடுகிறதோ, எது தாமதமாக ஆடுகிறதோ, அதற்கு நடுவில்தான் ப்ளே. நாங்கள் பார்த்ததில் டிராக் லிங்க்கின் ஒரு பால் ஜாயின்ட் கொழகொழவென்று இருந்தது. அதை மாற்றி, கமான் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஆப்பு வைத்து கேஸ்டரைத் திருத்தி, நாலு அங்குலத்தை இரண்டாகக் குறைத்தால் டிராக் லிங்க்கும் பாதி படுத்துவிடும். அதற்குப் பிறகும் கனமாக இருந்தால் முதல் சீட்டு, தகடோடு சேர்த்து. கீழே இறங்கும் பிட்மேன் ஆர்ம் போட்டால் உயரத்தைக் குறைக்கவே வேண்டாம் என்று ஒரு அண்ணன் சொன்னார். கோணம் சரியாகும்தான், ஆனால் நெம்புகோல் நீண்டு பாக்ஸின் தண்டுக்குச் சுமை கூடும். ஏற்கனவே வயசான பாக்ஸ்.

ஜாயின்ட்டை மாற்றியாச்சு. ஆப்பு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. உயரத்தைக் குறைப்பதற்கு மட்டும் மாமா ஒத்துக்கொள்ளவில்லை. இதுவரை செலவழித்த காசைச் சொல்லிக் காட்டுகிறார். சங்க் காஸ்ட் என்று எங்க காஸ்டிங் பாடத்தில் ஒரு சமாச்சாரம் இருக்கிறது மாமா என்று ஆரம்பித்தேன். "உன் பாடம் வந்து என்னை மாடியிலேர்ந்து இறக்குமா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அத்தை மட்டும் உள்ளேயிருந்து, "ரெண்டு அங்குலம் குறைஞ்சா நானே ஏறிப்பேன்" என்றார்.